பிள்ளைகள் கைக்காசு இல்லாமல் நம் ஊரைப் பார்க்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் பதினான்கு வருடமாகச் சமையல் பார்க்கிறேன். இப்போது முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்காட் கல்லூரி, இந்துக் கல்லூரி, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, கோணம் பாலிடெக்னிக் என்று காலையில் ஆளுக்கொரு பக்கம் கிளம்புவார்கள். பாதிப் பேருக்குச் சொந்த ஊர் ரொம்ப தூரம். தர்மபுரி, அரியலூர், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீட்டுக்குப் போவார்கள். பத்திரிகைக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு விளம்பிக்கொண்டிருந்தேன். முதல் வருடம் படிக்கிற ஒரு பிள்ளை, "அக்கா, இங்கேயிருந்து கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். பத்து கிலோமீட்டர்தான் மக்ளே என்றேன். அவள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, கடலையே பார்த்ததில்லை. கூடப் படிக்கிறவர்கள் வெளியே போகும்போது கூப்பிடுவார்களாம். போனால் ஐஸ்கிரீம், பர்கர், ஆட்டோ என்று எப்படியும் முந்நூறு ரூபாய் ஆகிவிடும். அப்பா மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்தான் அனுப்புகிறார். அதனால் தலைவலி என்று சொல்லி ரூமிலேயே படுத்துக்கொள்வாளாம். கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பாத்திரத்தை அப்படியே ஊறப் போட்டுவிட்டு, அவளையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் சங்குத்துறைக்குப் போனேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த கட்டணமில்லா டிக்கெட்டை அந்தப் பிள்ளை இன்றைக்கும் டைரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். கடலைப் பார்த்ததும் அவள் ஒன்றுமே பேசவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான், "அக்கா, இது சும்மாவே இருக்கா?" என்றாள். டிக்கெட் ஒன்றும் வாங்க வேண்டாமா என்று கேட்கிறாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது யாராவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை, கைக்காசு செலவாகக் கூடாது. காலையிலேயே வாழையிலையை வாட்டி, சோறு, தேங்காய்த் துவையல், ஒரு பொரியல் வைத்துப் பொதி கட்டிவிடுவேன். தண்ணீர் பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொள்வோம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு டிக்கெட் உண்டு, விவேகானந்தர் பாறைக்குப் படகுக் கட்டணம் உண்டு. அவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது பார்த்துக்கொள்ளட்டும். அவை இல்லாமலே மூன்று வருடம் சுற்றியும் எங்களுக்கு இன்னும் இடம் பாக்கி இருக்கிறது.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது தேரூர் குளம். கவிமணி 1876-ல் பிறந்த ஊர் அது. சுசீந்திரம் குளத்தையும் தேரூர் குளத்தையும் சேர்த்து 2022-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலையாக அறிவித்தார்கள். ஆனால் விடுதியில் உள்ள உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே அது தெரியவில்லை. கார்த்திகை, மார்கழியில் காலை ஏழு மணிக்குள் குளத்தங்கரைக்குப் போய்விட வேண்டும். விலங்கியல் படிக்கிற ஒரு பிள்ளைதான் எங்களுக்கு வாத்தியார். தாமரை இலை மேல் கால் பதித்து நடக்கிறது இலைக்கோழி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு நாமக்கோழி, ஊதா நிறத்தில் நீலத்தாழைக்கோழி, அலகுக்குக் கீழே பை தொங்குகிற கூழைக்கடா என்று காட்டிக்கொண்டே வருவாள். நான் இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இத்தனை காலமும் எனக்கு எல்லாமே கொக்கும் தாராவும்தான். அந்தக் குளத்தங்கரையில் அவள் சொல்லித்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டென்று தெரிந்துகொண்டேன். பைனாகுலர் எதுவும் எங்களிடம் இல்லை. சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் போதும், பறவை தானாகப் பக்கத்தில் வரும்.

அங்கேயிருந்து சுசீந்திரம் பக்கம்தான். தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து ஏழு நிலைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பொதியைப் பிரிப்போம். உள்ளே போகிறவர்கள் தாணுமாலயனைத் தொழுதுவிட்டு, பதினெட்டு அடி உயர அனுமாரையும் இசைத் தூண்களையும் பார்த்துவிட்டு வருவார்கள். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒரே மூலவர் என்று சொன்னபோது அரியலூர்ப் பிள்ளை நம்பவே இல்லை. இசைத் தூணைத் தட்டிப் பார்க்கக் கை நீட்டினவளையும் நான் தடுத்துவிட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் தட்டினால் கல்லும்தான் என்ன ஆகும்?

தோவாளைக்கு ஒரே ஒரு முறைதான் போனோம். பூச்சந்தை விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும், வெயில் ஏறிப் போனால் ஒன்றும் மிச்சமிருக்காது. பிச்சி, அரளி, கேந்தி எல்லாம் மலை மலையாகக் கொட்டிக் கிடக்கும். அந்த மணம் இரண்டு நாள் துணியில் இருந்தது. மாணிக்கமாலை கட்டுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். சிவப்பு அரளி இதழையும் வெள்ளை அரளி இதழையும் மடித்து, நடுவில் நொச்சி இலையை வைத்து வரிவரியாகப் பின்னுகிறார்கள். தூரத்தில் பார்த்தால் கல் பதித்த மாலைதான். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிளம்பும்போது ஒரு அம்மா, நாங்கள் கேட்காமலே ஒரு கை பிச்சி மொட்டை அள்ளி இலையில் வைத்துத் தந்தார்.

சிதறால் மலைக்கோவிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம் என்று பஸ் மாறிப் போய், கல் பாவின பாதையில் மெதுவாக ஏறினோம். மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிலைகள் வரிசையாகச் செதுக்கியிருக்கின்றன, சிங்கத்தோடு நிற்கிற அம்பிகையும் இருக்கிறாள். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்து படித்த, படிப்பித்த இடம். திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். எங்களோடு வந்த வரலாறு படிக்கிற பிள்ளை, முந்தின நாளே லைப்ரரியில் உட்கார்ந்து குறிப்பு எடுத்து வந்திருந்தாள். ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறதாம். குணந்தாங்கிக் குரத்திகள் என்ற அம்மையார் அந்த மலைத் தெய்வமான பட்டாரியாருக்குப் பொன் நகை கொடுத்ததை அது சொல்கிறதாம். குரத்தி என்றால் பெண் ஆசிரியர், பெண் குரு என்று அந்தப் பிள்ளை விளக்கினாள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் இதே மலையில் ஒரு பெண், பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், தன் பெயர் கல்லில் நிற்கிற அளவுக்கு வாழ்ந்திருக்கிறாள். பி.எட். படிக்கப் போகிற இரண்டு பேர் அந்தப் பாறை அடியில் நெடுநேரம் நின்றார்கள். மேலேயிருந்து பார்த்தால் தென்னந்தோப்பும், தாமிரபரணி ஆறும், அப்புறம் மலைத்தொடரும். இது நம் குழித்துறைத் தாமிரபரணி. திருநெல்வேலிப் பிள்ளை ஒருத்தி தன் ஊர் ஆறுதான் இது என்று வாதாடினாள். இரண்டும் வேறு வேறு ஆறு என்று புரிய வைப்பதற்குள் கீழே இறங்கிவிட்டோம்.

மழைக் காலத்தில் நூலகம். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் எங்கும் நகர முடியாது, அப்போது பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் தள்ளிவிடுவேன். உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்பதில்லை. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு பிள்ளை அப்படி நூலகத்துப் பெஞ்சிலேயே படித்துத்தான் குரூப் 4 எழுதி வேலைக்குப் போனாள்.

கார்த்திகை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா. டிசம்பர் 3-ல் முடியும். விளக்கையும் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தாலே ஒரு சாயங்காலம் போய்விடும், எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அக்டோபர் 2 கல்லூரிக்கு விடுமுறை. அன்று நண்பகலில் கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் நின்றால், கூரைத் துளை வழியாக வெயில் இறங்கி, காந்தியடிகளின் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் விழுவதைப் பார்க்கலாம். 1948 பிப்ரவரி 12-ல் அங்கே அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள், மண்டபம் 1956-ல் கட்டினது. ராமநாதபுரத்துப் பிள்ளைக்கு அந்த வெயில் விழுந்த நேரத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் சித்திரா பௌர்ணமி. மேற்கே சூரியன் கடலில் இறங்கும் அதே நேரம் கிழக்கே கடலிலிருந்து நிலா ஏறும். கன்னியாகுமரி முனையில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாலே இரண்டையும் பார்த்துவிடலாம். நூற்று முப்பத்து மூன்று அடி வள்ளுவரும், புதிதாகப் போட்ட கண்ணாடிப் பாலமும் கரையிலிருந்து பார்க்கும்போதே அழகுதான். இவ்வளவையும் இலவசமாகத் தருகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? என் பிள்ளைகள் எல்லாரும் இதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டம் வாங்கிப் போக வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அந்த சித்திரா பௌர்ணமிதான். போன வருடம் ஆறு பேர் போனோம். நிலா மேலே ஏறியதும் ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். சாதாரண டவுன் பஸ் இப்போ வரும், இப்போ வரும் என்றார்கள். எட்டு மணி, எட்டரை ஆகியும் வரவில்லை. வந்ததெல்லாம் டிக்கெட் எடுக்க வேண்டிய பஸ், அதிலும் நிற்க இடமில்லை. கடைசியில் ஒரு பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறி, என் கையிலிருந்த காசில் ஆறு பேருக்கும் டிக்கெட் எடுத்து, விடுதிக்கு வந்து சேரும்போது மணி பத்து. வார்டன் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். அதில் ஒரு அப்பா, இனிமேல் எங்கும் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எங்களோடு வரவே இல்லை. பஸ் வராததற்குப் பிள்ளைக்குத் தண்டனை.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கழிப்பறை. ஒரு கடற்கரையில் ஒரு பிள்ளைக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அங்கே கழிப்பறை என்று ஒரு கட்டடம் இருந்தது, பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் அலைந்தோம். கடைசியில் ஒரு மீனவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். அந்த வீட்டம்மா உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மாற்றுத் துணியும் கொடுத்து, எங்கள் எல்லாருக்கும் கட்டன் சாயா போட்டுத் தந்தார். அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் யார் வீட்டுக் கதவையாவது தட்டிக்கொண்டிருக்க முடியுமா? பிள்ளைகளில் சிலர் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிறார்கள். கேட்டால், "பரவாயில்லக்கா" என்பார்கள். எனக்குப் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

கடல் விஷயத்தில் இன்னும் பயம் இருக்கிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோய்விட்டது. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தை தெரியும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாகத்தான் இருக்கும். எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து திடீரென்று ஏறும். தர்மபுரிப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நான் சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் கணுக்காலுக்கு மேல் யாரையும் இறங்க விடுவதில்லை. போவதற்கு முன்னால் கடற்கரையில் இருக்கிற மீன்பிடிக்காரர் யாரிடமாவது, "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவோம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மணலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவோம். இதை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கடற்கரை வழியிலும் வைக்கலாம். எச்சரிக்கை உள்ள நாளில் கல்லூரிகளும் விடுதிகளும் காலையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ஒரு மெசேஜ் போதும், அதற்கு ஒன்றும் செலவில்லை.

நான் கேட்பது புதுப் பூங்காவும் செயற்கை நீரூற்றும் இல்லை. இருக்கிற கழிப்பறைகளைத் திறந்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வையுங்கள், தண்ணீர் வரட்டும், உள்ளே தாழ்ப்பாள் இருக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் கன்னியாகுமரி, சங்குத்துறை, முட்டம் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு ஏழு, ஏழரை வாக்கில் ஒரு சாதாரண டவுன் பஸ் நிச்சயமாக வரும் என்று ஆக்குங்கள். சித்திரா பௌர்ணமி, திருவிழா நாட்களில் கூட ஒன்றிரண்டு விடுங்கள். மீனாட்சிபுரம் ஸ்டாண்டிலும் வடசேரியிலும் கடைசி டவுன் பஸ் நேரத்தை எழுதி ஒட்டுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கு இந்த பஸ் சலுகை இல்லை. என் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கும்போது கூட்டாளியோடு சைக்கிளிலேயே முட்டம் வரை போய் வருவான். இப்போதுள்ள பையன்களிடம் சைக்கிள் இல்லை, மூன்று பேராக ஒரே பைக்கில் போகிறார்கள். கல்லூரிகள் பத்துச் சைக்கிள் வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவலாகக் கொடுத்தால் என்ன?

வெளியூரில் பிள்ளையை விட்டிருக்கிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசும்போது மார்க் எவ்வளவு என்று கேட்டு முடித்ததும், இந்த வாரம் எங்கே போனாய் என்றும் கேளுங்கள். என் பிள்ளைகளில் பலர், போகலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்வதற்காகவே காத்திருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு மணக்குடிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். காயலிலும் புத்தளம் உப்பளத்திலும் பூநாரை வந்திருப்பதாக எங்கள் விலங்கியல் வாத்தியார் சொல்கிறாள். ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து திரும்புவதற்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று நேற்று ஸ்டாண்டில் கேட்டேன். ஒருவர் ஆறே கால் என்றார், இன்னொருவர் ஏழு என்றார். சரியான நேரம் தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விடுதிச் சமையல்காரி,
நாகர்கோவில்.